ஜல்லி பரப்பிய ஒன்றரை மைல்

திருச்செங்கோட்டுப் பக்கம் போக்குவரத்து உள்ளவர்கள் அந்தச் சாலையில் ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். மொத்தம் ஐந்து மைல்தான். ஒரு பெரிய ரோட்டிலிருந்து பிரிந்து, எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு, ஆட்டையாம்பட்டிப் பக்கம் இன்னொரு பெரிய ரோட்டில் போய்ச் சேர்ந்துவிடும். போனது நினைவிருக்காது. நினைவில் நிற்கிற மாதிரி ஒரு வளைவோ பாலமோ அதில் கிடையாது. இப்போது அதை மாநில நெடுஞ்சாலை என்கிறார்கள். என் மருமகன் வண்டி ஓட்டினால் எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷமும் நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் ரேடியோவைச் சின்னதாக்குவார்.

எழுபதைத் தாண்டிய நமக்கு, சாலை என்பது ஒரு காலத்தில் இல்லாமல் இருந்து பிறகு வந்த ஒன்று என்று தெரியும். நம் பிள்ளைகளுக்கு அது மலை மாதிரி, எப்போதும் அங்கேயே இருந்தது. எங்கள் ஊர்ச் சாலை வந்த வருஷத்தைப் பற்றி நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் ஐயனைக் குற்றவாளி ஆக்குகிற மாதிரி வந்து நிற்கும். எங்கள் பக்கத்தில் அப்பாவை ஐயன் என்றும், பெண்களை அம்மிணி என்றும்தான் கூப்பிடுவோம். அவர் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இனிச் சொல்லலாம்.

சாலைக்கு முன்னால் இருந்தது இட்டேரி. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு மண் தடம். வேலி முழுக்கப் பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறிக் கிடக்கும். தரை மெத்தென்று இருக்கும், சித்திரையில்கூடக் கால் சுடாது. ஆனால் எதிரே இன்னொரு வண்டி வந்துவிட்டால் யாராவது ஒருவர் பின்னாலேயே போக வேண்டும். மழை பெய்தால் சேறு. மாட்டுக்காரர்கள் அரைநாள் திட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களின் வண்டி அந்த இட்டேரியில்தான் அச்சு முறிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பள்ளிபாளையத்துக்காரர்கள், ஆற்றங்கரை ஊர், எதிர்க்கரையில் ஈரோடு. நல்ல ரோட்டில் பழகியவர்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா வெள்ளை வேட்டியோடு வேலிக்குள் விழுந்தார். அவர் முதுகிலிருந்து ஐயன் முள் பிடுங்கிக்கொண்டிருந்ததை நான் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் வாயில் பாவாடையைத் திணித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, பொண்ணுக்கு ஒரு கொறையும் சொல்ல முடியாதுங்க," என்றார் அந்தப் பெரியப்பா. "உங்க ஊரு வழிதான் ஆகாதுங்க. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா எப்பிடி வந்து போறது?"

ஐயன் கையிலிருந்த முள்ளைப் பார்த்தார். "ரெண்டே வருசம் பொறுத்துக்குங்க. இந்த ஊருக்கு ரோடு வருதா இல்லையான்னு பாருங்க. மோட்டார்லயே வந்து எறங்குவீங்க."

கல்யாணம் நடந்தது. வாக்குக் கொடுத்ததை ஐயன் மறக்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்து மனு எழுதினார். எழுதியதை மூன்று நாலு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அப்புறம் அதைச் சுருட்டி, ஒரு மூங்கில் குழலுக்குள் போட்டு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சேலத்துக்குக் கிளம்புவார். அம்மாபேட்டையில் அவருக்குத் தெரிந்த நெசவுக்காரர் வீடு ஒன்று இருந்தது, அங்கே படுத்துக்கொள்வார். மூன்றாம் நாள் திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். சுடுதண்ணீர் காய்ச்சி வைப்பாள். எத்தனை தடவை போனார் என்று எனக்குத் தெரியாது. நிலம் வேண்டுமானால் தன் மானாவாரிக் காட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும், ஒன்றும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கைநாட்டு வைத்துக் கொடுத்த பிறகுதான் மேல் ஆபீஸில் காது கேட்டது என்பார்கள்.

ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் தொப்பி. பித்தளைக் கைப்பிடி போட்ட ஒரு சங்கிலியை இரண்டு பேர் காட்டுக்குள் நீட்டிப் பிடிப்பார்கள். அது புல்லில் இழுபடுகிற சத்தம் ஒரு தினுசாக இருக்கும், கொலுசைத் தரையில் இழுத்தது மாதிரி. சங்கிலி போன வழியெல்லாம் தலையில் சிவப்புப் பெயிண்ட் அடித்த முளைக்குச்சிகளை அடித்துக்கொண்டே போனார்கள். ஒரு முளையை நான் பிடுங்கிக் கொண்டுவந்து, துணி சுற்றி, பொம்மை செய்து வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து ஐயன் கண்டுபிடித்தார். அதுவரைக்கும் என்னை அடிக்காத மனுஷர், "சர்க்கார் முளையடி அது! ரோடே நின்னு போயிரும், தெரியுமா?" என்று முதுகில் ஒன்று வைத்தார். அதை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் நட்டார். எடுத்த இடம் அதுதானா என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

கல்லுடைக்கிறவர்கள் பங்குனியில் வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு குடும்பம் இருக்கும். பெரிய ரோட்டுப் பக்கம் கரட்டடியில், பாறைக் குன்றின் அடிவாரத்தில், குடிசை போட்டுக்கொண்டார்கள். ஆண்கள் கரட்டில் பாறை பிளப்பார்கள். பெண்கள் கீழே உட்கார்ந்து ஜல்லி உடைப்பார்கள். கயிற்றில் முறுக்கிய வளையத்துக்குள் கல்லை வைத்து, சில்லு தெறிக்காமல் சின்னச் சுத்தியலால் அடிப்பார்கள். விரல் முழுக்கத் துணி சுற்றியிருக்கும். கல் உடைந்த கையோடு ஒரு வாசம் வரும், எதுவோ தீய்ந்த மாதிரி. எங்கள் காட்டில் நின்றால் நாள் பூராவும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அவர்களுக்குக் குடிதண்ணீர் எங்கள் கிணற்றிலிருந்து. எங்கள் கிணறு படி வைத்த கிணறு. ஆனால் அவர்கள் படியில் இறங்கக் கூடாது. நாங்கள்தான் மொண்டு, குனிந்து நிற்கிறவர்களின் குடத்தில் உயரத்திலிருந்து ஊற்றுவோம். இதை இன்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அன்று ஊரே அப்படித்தான் இருந்தது, நானும் அதைக் கேள்வி கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

அவர்களுக்குள் வயதில் மூத்த ஒருத்தி இருந்தாள். கல்லுக்காரம்மா என்று கூப்பிடுவேன். முன்பல் இரண்டு இல்லை, கல் தெறித்துப் போனது. அவளுக்கு எத்தனையோ ரோடு போட்ட பழக்கம். ஓவர்சியரே அவளிடம், "இது எத்தனை நாளைக்கு ஆகும்?" என்று கேட்பார்.

ஆவணியில் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பதினெட்டு வயதுகூட முடியவில்லை. இட்டேரி வழியாகத்தான் வண்டி வந்தது. அப்போது புது ரோட்டுக்கு மண் மேடு மட்டும் போட்டிருந்தார்கள். மேட்டுக்கு மண் எடுத்த குழி இரண்டு பக்கமும் ஆள் ஆழத்துக்கு நீளமாகக் கிடந்தது. அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி, ரோட்டு மேட்டில் ஏறி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்து பார்த்தாளாம். "எங்க ஐயன் போட்ட ரோடு," என்று வண்டிக்காரனிடம் சொன்னாளாம்.

புரட்டாசியில் பெரிய ரோட்டுப் பக்கமிருந்து ஒன்றரை மைலுக்கு ஜல்லி பரப்பி முடித்தார்கள். இனி மேலே செம்மண் கொட்டி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்ட வேண்டியதுதான். ரோலர் பத்து நாளில் வந்துவிடும் என்றார் ஓவர்சியர். அப்போதுதான் ஐயன் அந்தக் காரியத்தைச் செய்தார்.

ரோட்டுக்குத் தன் காட்டைக் கொடுத்தவர் அல்லவா, அதற்கு ஈடாக இட்டேரியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். ஓவர்சியரும், "இனிமேல் அது எதற்கு, சேர்த்து உழுதுகொள்ளுங்கள்" என்றாராம். ஐயன் வேலியை வெட்டித் தள்ளி, எங்கள் பங்கு இட்டேரியை உழுதார். அதோடு விடவில்லை. வழியில் காடு வைத்திருந்த எல்லாரிடமும் போய், "நீங்களும் சேத்திக்குங்க. பழைய தடம் கெடந்தா நம்ம சனம் ரோட்டுல ஏறாதுங்க. பழக்கம் உடாது" என்றார். ஒரே வாரத்தில் ஒன்றரை மைல் இட்டேரியும் காடாகிவிட்டது. வெட்டிய முள்ளை ஆங்காங்கே போட்டு அடைத்தார்கள்.

கல்லுக்காரம்மா கிணற்றடிக்கு வந்திருந்தாள். ஐயன் ஏர் ஓட்டுவதைப் பார்த்துவிட்டுக் குடத்தைக் கீழே வைத்தாள்.

"பண்ணாடிங்கோ," என்றாள். காட்டுக்காரர்களை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ரோலர் வந்த பொறவு உழுவலாமுங்க. இந்த ஜல்லி மேல வண்டி ஏறாதுங்க. மாட்டுக் கொளம்பு கிழிஞ்சிரும்."

"பத்து நாள்ல வருதுன்னு ஓவர்சியர் தொரையே சொல்லிட்டாரு."

"சொல்லுவாங்க. ரெண்டு மழ முடிஞ்சும் வராத ரோலரெல்லாம் பாத்திருக்கறனுங்க."

"உனக்கென்ன தெரியும், உன் சோலியப் பாரு போ," என்றார் ஐயன். கோபமாகச் சொல்லவில்லை. சந்தோஷத்தில் இருந்தார். நான் தண்ணீர் ஊற்றினேன், அவள் போய்விட்டாள்.

ரோலர் வரவில்லை. யுத்த வேலைக்கு எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள் என்று பேச்சு. ஓவர்சியரும் வரவில்லை. வேலை நின்றுபோனதால் கல்லுடைக்கிற ஆண்கள் வேறு கரட்டில் வேலை தேடிப் போனார்கள். பெண்களும் குழந்தைகளும் மட்டும் குடிசையில் இருந்தார்கள். ஊர் வண்டிகள் வடக்கே ஏழெட்டு மைல் சுற்றி, ஓர் ஓடைப்பள்ளத்தைத் தாண்டிப் போய்வந்தன. எல்லாரும் ஐயனைத்தான் கேட்டார்கள். "வந்துருமுங்க, வந்துருமுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடியும் மூங்கில் குழலை எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் போய்வந்தார். அந்தத் தடவை அம்மா சுடுதண்ணீர் காய்ச்சவில்லை, காய்ச்ச மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

ஐப்பசியில் விடாமல் நாலு நாள் மழை. ஐந்தாம் நாள் விடிந்ததும் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மழை வெறித்து வெயில் வந்திருந்தது. குழந்தை நன்றாகக் கத்தியது. அம்மா வெளியே வந்து என்னிடம் சர்க்கரை கொடுத்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். நான் மூன்று வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தபோது உள்ளே சத்தமே இல்லை. மருத்துவச்சி கதவைத் திறந்து ஐயனைக் கூப்பிட்டாள். அவள் முழங்கை வரைக்கும் ரத்தம்.

"இளங்கொடி உழுகலீங்க, நஞ்சு உள்ளயே நிக்குதுங்க. ரத்தம் நிக்க மாட்டீங்குது. எங் கைல இனி ஒண்ணும் இல்லீங்க. திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போயிருங்க. கட்டல்ல போட்டு, நாலு ஆளு தூக்கிட்டு ஓடுங்க. வண்டி வேண்டாங்க."

"கட்டல்லயா?" என்றார் ஐயன். "உசுரோட இருக்கற புள்ளையப் பொணமாட்டத் தூக்கிட்டுப் போகச் சொல்றியா?"

"வடக்க பள்ளத்துல தண்ணி போகுதுங்க. ரோட்டுல வண்டி போகாதுங்க."

"போகும். நான் ஓட்றேன்."

அம்மா ஐயன் முகத்தையே பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்திருப்பாள். 

கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து அக்காவைப் படுக்க வைத்தார்கள். குழந்தையை என் சித்தியிடம் விட்டுவிட்டு அம்மா ஏறினாள். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள், விடவில்லை. அதனால் நானும் ஏறினேன். வேறு காரணம் இல்லை. பள்ளிபாளையத்தில் இருந்த மாமாவுக்கு, அக்காவின் வீட்டுக்காரருக்கு, சொல்ல ஓர் ஆளை அனுப்பினார்கள்.

முதல் ஒரு மைல் மண் மேடு. மழையில் ஊறியிருந்தது, ஆனாலும் வண்டி போனது. அக்கா தெளிவாகத்தான் பேசினாள். "அம்மிணி, புள்ள யாராட்ட இருக்குது? நான் சரியாவே பாக்கல."

"உன்னையாட்டத்தான்," என்றேன். நானும் சரியாகப் பார்க்கவில்லை.

அப்புறம் ஜல்லி வந்தது.

பரப்பிய ஜல்லியின் மேல் நீங்கள் நடந்திருக்கிறீர்களா? இந்தக் காலத்து ஜல்லி இல்லை, கையால் உடைத்த முழுக் கைப்பிடிக் கல், எந்தப் பக்கம் வைத்தாலும் ஒரு முனை மேலே நிற்கும். கால் வைத்தால் நகரும். மாடுகள் நாலு எட்டு வைத்துவிட்டு நின்றன. ஐயன் வாலை முறுக்கினார். இன்னும் கொஞ்ச தூரம் போயின. சக்கரம் கல்லுக்குள் இறங்கிக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி தூக்கிப் போட்டது. ஒவ்வொரு தடவை தூக்கிப் போட்டபோதும் அக்கா "அம்மா" என்றாள். அம்மா கீழே கையை வைத்துப் பார்த்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துவிட்டு, மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

ஐயன் அதுவரைக்கும் அந்த மாடுகளை அடித்ததில்லை. அன்று தார்க்குச்சியால் குத்தினார். சாட்டையின் பிடியைத் திருப்பி அடித்தார். "போங்க சாமி, போங்க சாமி," என்று சொல்லிக்கொண்டே அடித்தார். வலத்து மாடு முன்னங்கால் மடங்கி விழுந்தது. முட்டி கிழிந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அது எழுந்திருக்கவில்லை. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது.

இறங்கிப் பக்கவாட்டில் போகலாம் என்றால் இரண்டு பக்கமும் குழி, குழி நிறையச் செந்தண்ணீர். குழிக்கு அந்தப் பக்கம் இட்டேரி இருந்த இடம். அங்கே உழுத மண் நாலு நாள் மழையில் ஊறிக் களியாகக் கிடந்தது. அதில் யாரோ விதைத்த கொள்ளு இரண்டு விரல் உயரம் முளைத்திருந்தது. ஐயன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பெரியவர்களுக்குத் தெரியாமல் போகும் என்பதை நான் அன்றுதான் கண்டேன்.

கரட்டடியிலிருந்து கல்லுக்காரம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் ஓடி வந்தார்கள். மாட்டின் கத்தல் கேட்டு வந்திருப்பார்கள். கல்லுக்காரம்மா கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். திரும்பி அந்தப் பெண்களிடம் ஏதோ சொன்னாள். இரண்டு பேர் திரும்பி ஓடி, குடிசை வாசலை அடைக்கிற மூங்கில் படலைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள்.

எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் அவள் அக்காவின் மேல் கை வைக்கவில்லை. ஐயனைப் பார்த்தாள்.

"நாங்க தொட்டுத் தூக்கலாங்களா?"

ஐயன் வாய் திறந்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று கேட்டால், நாலு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். எனக்கு அது இன்னும் முடியவில்லை. அம்மாதான் கூண்டுக்குள்ளிருந்து அலறினாள்: "தூக்குங்க சாமி! என்ன கேட்டுட்டு நிக்கறீங்க, தூக்குங்க!"

படலில் ஜமக்காளத்தோடு அக்காவை வைத்து நாலு பெண்கள் தூக்கினார்கள். தூக்கின கையோடு ஓடினார்கள். அந்தக் கல்லில், வெறுங்காலோடு, படல் ஒரு பக்கமும் சாயாமல் ஓடினார்கள். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடினேன். என் கால் கிழிந்தது அப்போது தெரியவில்லை. ஐயன் ஓடி வந்து ஒரு முனையைப் பிடிக்கப் பார்த்தார். இரண்டாம் எட்டிலேயே கல் நகர்ந்து தடுமாறினார்.

"உடுங்க பண்ணாடி," என்றாள் கல்லுக்காரம்மா, திரும்பிப் பார்க்காமல். "நீங்க உழுந்தா புள்ளையும் உழுந்துரும்."

அவர் விட்டுவிட்டார். பின்னாலேயே வந்தார். படலின் முனையைப் பிடித்திருப்பது மாதிரியே ஒரு கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னும் எத்தனை தூரம்?" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

"அந்தா, பெரிய ரோடு தெரியுது."

தெரியவில்லை. நான் குள்ளம், எனக்கு முன்னால் ஓடுகிற பெண்ணின் முதுகுதான் தெரிந்தது.

"குளுருது அம்மிணி," என்றாள். நல்ல வெயில். அதற்கப்புறம் பேசவில்லை. கையை மட்டும் பிடித்திருந்தாள். பிறகு நான்தான் பிடித்திருந்தேன்.

பெரிய ரோட்டில் புளியமரத்தடியில் படலை இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் பஸ் வந்தது. யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரி போட்டு ஓட்டினார்களே, அந்தப் பஸ். பின்னால் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. ஐயன் நடு ரோட்டில் நின்று கையை விரித்து நிறுத்தினார். கண்டக்டர் குதித்து இறங்கி, "பின் சீட்டெல்லாம் காலி பண்ணுங்க, எந்திரிங்க!" என்று சத்தம் போட்டார். நல்ல மனுஷர். ஜனங்களும் எழுந்துவிட்டார்கள்.

கல்லுக்காரம்மா அக்காவின் மூக்கடியில் கையை வைத்துப் பார்த்தாள். எடுத்துவிட்டு, மறுபடியும் வைத்தாள்.

"பஸ்ஸ போகச் சொல்லுங்க," என்றாள்.

"நிக்கட்டும்," என்றார் ஐயன். "நிக்கட்டும். எம்புள்ள ஏறோணும்."

கண்டக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பஸ் நின்றது. ஜன்னலில் எல்லாரும் பார்த்தார்கள். ஒரு கைக்குழந்தை அழுதது. அடுப்பு அணைந்துவிடும் என்று டிரைவர் மெதுவாகச் சொன்னார். ஐயன் ஏறுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், விடவில்லை. கண்டக்டர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.

திரும்பவும் அதே பெண்கள்தான் அவளைத் தூக்கி வந்தார்கள், அதே கல் மேல். போகும்போது ஓடினார்கள். வரும்போது ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து நடந்தார்கள், அவளுக்கு அலுங்கக் கூடாது என்கிற மாதிரி. வீட்டு வாசல் வரைக்கும் வந்து, படலை இறக்கி வைத்துவிட்டு, தள்ளிப்போய் வேலியோரம் நின்றார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாமா வீட்டார் குழந்தையை எடுத்துக்கொண்டு போனார்கள். முதுகில் முள் வாங்கின பெரியப்பாவும் வந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஐயனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அதற்கப்புறம் குழந்தையை எங்கள் ஊர்ப் பக்கம் அனுப்பவில்லை. அவள் வளர்ந்து, கல்யாணமாகி, பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். எங்காவது விசேஷத்தில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களா சித்தி?" என்பாள். நான் அவள் முகத்தில் தேடுவேன். அன்றைக்கு வண்டியில் நான் சொன்னது பொய்தான், அவள் அக்காவை மாதிரி இல்லை.

நான் பிடுங்கின முளையால்தான் ரோலர் வரவில்லை என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லாமல் எனக்குக் கல்யாணமாகிற வரைக்கும் அந்தப் பயம் இருந்தது. கேட்டிருந்தால் யாராவது இல்லை என்று சொல்லியிருப்பார்கள். வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்காத காலம் அது. அம்மா ஐயனுக்குச் சோறு வைப்பாள், பேச மாட்டாள். பகையும் இல்லை. பேச ஒன்றும் இல்லை.

ஒரு நாள் கல்லுக்காரம்மா தண்ணீருக்கு வந்தபோது அம்மா என் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். "நீங்களே எறங்கி மொண்டுக்குங்க," என்றாள். ஐயன் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தார், தடுக்கவில்லை. கல்லுக்காரம்மா படியைப் பார்த்தாள். இறங்கவில்லை.

"வேண்டாங்க அம்மிணி. பழகிருச்சுங்க. ஊத்தச் சொல்லுங்க," என்றாள்.

நான் ஊற்றினேன். தை பிறப்பதற்குள் அவர்கள் குடிசையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். எந்த ஊருக்கு என்று நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவள் பெயரையும்தான்.

தையில் ரோலர் வந்தது. ஊரே போய் வேடிக்கை பார்த்தது, நான் போகவில்லை. ஒரே வாரத்தில் ஒன்றரை மைலும் பலகை மாதிரி ஆகிவிட்டது. மாசியில் பெரிய அதிகாரி ஒருவர் மோட்டாரில் வந்து ரோட்டைத் திறந்து வைத்தார். வாழைமரம், தோரணம், நாதஸ்வரம் எல்லாம் இருந்தது. மனு கொடுத்தவர், நிலம் கொடுத்தவர் என்று ஐயனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். வரச்சொல்லி ஓவர்சியர் வீட்டுக்கே வந்திருந்தார், அவருக்கு நடந்தது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. ஐயன் போனார். வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போனார். அதற்காக எத்தனையோ வருஷம் நான் மனசுக்குள் அவரை வைதிருக்கிறேன். இந்த வயதில் யோசித்தால், போகாமல் இருக்க அவருக்கு என்ன வழி இருந்தது என்று தெரியவில்லை. ஊருக்கு ரோடு வேண்டும்தானே, அது நல்ல ரோடுதானே.

சாமந்தி மாலை போட்டார்களாம். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்களாம். "ரோடு நல்லாருக்குதுங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். மாலையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வாசலிலேயே நின்றார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சாமி படத்துக்குப் போட முடியாது. ஆணியில் மாட்ட முடியாது. தூக்கி எறிந்தால் யாராவது பார்ப்பார்கள். அம்மா சாணி வழித்துக்கொண்டிருந்தவள் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவர் கையிலிருந்து மாலையை வாங்கினாள். நேராகக் கட்டுத்தறிக்குப் போனாள். பசுவின் முன்னால் போட்டுவிட்டு, திரும்பி வந்து சாணி வழிக்க உட்கார்ந்தாள்.

பசு முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்ன ஆரம்பித்தது. மஞ்சள் பூ வாயோரமெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஐயன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் ஓடிப்போய் அதன் முன்னால் மண்டியிட்டார்.

"நார் இருக்குது," என்றார். "தொண்டைல சிக்கிக்கும்."

பசுவின் வாய்க்குள் கையை விட்டு நாரை இழுத்தார். வெளுத்த வேட்டி முழுக்க எச்சிலும் பூவும். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, பெரிய மாலை. அம்மா எழுந்து வந்து, பசுவின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தாடையை இன்னொரு கையால் பிடித்து, அவருக்கு வசதியாகக் கொஞ்சம் மேலே தூக்கிக் காட்டினாள்.

"மெதுவா இழுங்க," என்றாள்.